பொத்தான் அறுந்த ஸ்வெட்டர்

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி, மீனவர் குப்பத்துச் சமுதாயக்கூடத்தில் சுனாமி நினைவாக ஓர் அறை இருக்கிறது. உடைந்த படகுப் பலகைக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் பொத்தான் அறுந்த ஒரு கம்பளி ஸ்வெட்டர் கிடக்கிறது.

"இது யாரோடதுங்க?" என்கிறேன்.

அறைச் சாவியை இடுப்பில் செருகியிருக்கும் மீன்காரம்மா சிரிக்கிறார். "எங்களுது இல்லைங்க. சுனாமிக்கு அப்புறம் பழைய துணிய லாரியில கொண்டாந்து ரோட்டுல கொட்டிட்டுப் போனாங்க, எல்லாம் இப்படித்தான். ஈரப்பொடவையோட நின்னுட்டிருந்தோம். ஆனாலும் ஒருத்தரும் குனிஞ்சு எடுக்கல. இத மட்டும் அப்புறமா ஞாபகத்துக்கு எடுத்து வெச்சோம்."

சுனாமி வந்த அந்த வாரம் சென்னையில் எங்கள் தெருவுக்கும் நிவாரணத் துணி சேகரிக்க ஒரு லாரி வந்தது. பீரோவைக் காலி செய்ய நல்ல சாக்கென்று நானும் ஒரு மூட்டை கட்டினேன். மனசு கேட்காமல் ஒரு நல்ல புடவையையும் உள்ளே வைத்தேன். மூட்டையைக் கொடுக்குமுன் அந்தப் புடவையை மட்டும் உருவிக்கொண்டேன்.

மடிப்புக் கலையாமல் அது இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.