பெரியப்பா வந்த வருடம் மரங்கள் கருகின

டேனிஷ் நகரமான ஸ்கீவவில் நடந்த அந்த முழு இரவு ஜெபத்தில் அப்பா இருந்தார், அம்மா இருந்தார், நான் இருந்தேன். எங்கள் ஐக்கியத்தின் ஏழெட்டுக் குடும்பங்கள் இருந்தன. யாருக்கு விசா கிடைத்ததென்று நன்றி சொல்லக் கூடினோமோ, அந்தப் பெரியப்பா இருக்கவில்லை. அவர் ஊரில், வாழைச்சேனையில், பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். இக்காஸ்டில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஐந்து மரங்கள் பூத்து நின்றன. அவற்றோடு ஒருவரும் இருக்கவில்லை.

சகோதர சகோதரிகளே, இது போன வருடம் மே மாதம் நடந்தது. சந்தோஷமாக முடிந்த சாட்சிகளை நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். இதுவும் கர்த்தர் கேட்டருளிய ஜெபம்தான். ஆனாலும் இதைச் சொல்லும்போது எனக்குத் துக்கம்தான் முன்னுக்கு வருகிறது.

என் அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். அம்மாவும் அப்படியே. எங்கள் குடும்பத்தில் முதன்முதல் படித்தவன் நான். ஊரில் அப்பாவும் பெரியப்பாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். அப்பாவை வெளிநாடு அனுப்பப் பெரியப்பா தன் சோடி மாடுகளை விற்றார். பிறகு அப்பா எத்தனையோ முறை காசு அனுப்பப் பார்த்தும் அவர் ஒரு சதம் வாங்கவில்லை. “உன்ட காசு எனக்கெதுக்கு? காணி வாங்கி மரம் வச்சிருக்காய் எண்டு சொன்னாய்தானே. ஒரு நாளைக்கு வந்து அதில ஒரு பழம் தின்னுறன். அது காணும்” என்பார்.

அதனால்தான் எங்கள் வீட்டில் அந்த மரங்களுக்கு அவ்வளவு மரியாதை. மூன்று அப்பிள், ஒரு பியர்ஸ், ஒரு பிளம்ஸ். “அண்ணன், கொப்பு முறியக் காய்க்குது” என்று அப்பா தொலைபேசியில் சொல்லாத வருடமில்லை. பெரியப்பாவின் விசா விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். மே கடைசியில் வந்து ஓகஸ்ட் கடைசியில் போவதாக எழுதியவனும் நானே. எங்கள் ஒரு அப்பிள் மரம் ஓகஸ்ட் தொடக்கத்திலேயே பழுத்துவிடும்.

எங்கள் ஐக்கியத்தில் முழு இரவு ஜெபத்துக்குப் போனால் வாசலில் ஒரு கூடை இருக்கும். கைத்தொலைபேசிகளை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நல்ல வழக்கம்தான், இன்றும் அப்படித்தான் செய்கிறோம். விடிந்ததும் கூடையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு கிர்ஸ்டன் முதல்நாள் மாலையில் டேனிஷில் செய்தி அனுப்பியிருந்தார். இன்றிரவு உறைபனி விழும், மரங்களைப் பழைய போர்வையால் மூடுங்கள் என்று. அவருடைய மரங்களை அவர் மூடியிருந்தார்.

நாங்கள் வந்து பார்த்தபோது எங்கள் மரங்களில் இலைகள் அவித்த கீரை போலத் தொங்கின. பூக்களின் நடுப்பகுதி கறுத்திருந்தது. அப்பா ஒரு பூவைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“நாங்க அவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு இருக்கக்குள்ளதானே மனே இது நடந்திருக்கு?”

“ஓம் அப்பா.”

“அப்ப அவர் எங்க இருந்தவர்?”

நான் படித்தவன். வெப்பநிலை, தெளிந்த வானம், தாழ்ந்த நிலத்தில் தேங்கும் குளிர் என்று விளக்கம் சொன்னேன். அவர் கேட்டது அதுவல்ல. அன்றிலிருந்து அப்பா வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வரவில்லை.

அடுத்த கிழமை பெரியப்பா வந்து இறங்கினார். அப்பா அவரைக் கட்டிப்பிடித்தார், அழுதார், எல்லாம் செய்தார். வீட்டுக்கு வந்ததும் தோட்டத்துப் பக்கத் திரைச்சீலையை இழுத்து மூடினார். தொழிற்சாலையில் மேலதிக வேலை கேட்டு வாங்கினார். மாலை வேலை, சனி ஞாயிறும் வேலை. தமையனின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கம்.

பெரியப்பா இரண்டு நாள் பொறுத்தார். “என்ன பிள்ளை, பின்பக்கம் பொம்புளைப் பிள்ளைய ஒளிச்சு வச்சிருக்கயளோ?” என்று அம்மாவைக் கேட்டார். அம்மா சிரித்துவிட்டு அழுதார். மூன்றாம் நாள் அவரே கதவைத் திறந்துகொண்டு போனார். அங்கே அப்பா மரம் அறுக்கும் வாளை எடுத்துக்கொண்டு பிளம்ஸ் மரத்தடியில் நின்றார்.

“என்னடா செய்யப் போறாய்?”

“செத்த மரம் அண்ணன். வெட்டி எறிஞ்சா நிலமாவது வெளிக்கும்.”

“செத்தது எண்டு ஆர் சொன்ன? நீ மரத்துக்கு டொக்டரோ? வாளைக் கொண்டுபோய் வை.”

வேலிக்கு அப்பால் நின்ற கிர்ஸ்டனும் அதையேதான் சொன்னார். கோடையின் நடுவில், சங்ட் ஹான்ஸ் பண்டிகைக்கு நெருப்புக் கொளுத்தும் நாட்களில், மரங்கள் இரண்டாம் முறை துளிர்க்கும், அதுவரை கை வைக்காதீர்கள் என்றார். நான் பெரியப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். “பாத்தியா, வெள்ளைக்காரிக்கும் என்ட புத்திதான்” என்றார் பெரியப்பா. அப்பா வாளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

நான் ஜெபிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு காலையும் வேலைக்காக ஓகூஸுக்கு ரயிலேறுவதற்கு முன் மரத்தடியில் நின்று ஜெபித்தேன். ஆண்டவரே, ஓகஸ்டுக்குள் ஒரு பழம். என் அப்பாவின் தலை நிமிர வேண்டும். உம்முடைய நாமத்துக்கும் இழுக்கு வரக் கூடாது. இப்படித் திகதி போட்டு, நிபந்தனை போட்டுக் கேட்டேன். நான் கண் மூடி நிற்கும்போதெல்லாம் பெரியப்பா பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில் தேநீரோடு தனியே இருப்பார். ‘ஆமென்’ சொல்லி, அவருக்குத் தலையசைத்துவிட்டு ரயிலுக்கு ஓடுவேன். இந்தத் துக்கம் என்னை விட்டுப் போகவில்லை. மரத்துக்காகக் காத்திருந்தேன். என் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தார்.

ஒரு நாள் அவர் கேட்டார்.

“என்ன மனே கேக்கிறாய், ஒவ்வொரு நாளும்?”

“மரம் துளிர்க்க வேணும் எண்டு, பெரியப்பா.”

“நல்லது. அதோட உன்ட அப்பனையும் ஒருக்கா எனக்குக் காட்டச் சொல்லிக் கேள். ஒரே வீட்டில இருக்கம், அவனைக் கண்டு நாலு நாளாகுது.”

அன்று நான் ரயிலுக்குப் போகவில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு இருந்தேன். அன்றிலிருந்து ஜெபத்தை மாற்றினேன். பழத்தைக் கேட்பதை விட்டுவிட்டேன். அப்பாவைத் திருப்பித் தாரும் என்று கேட்டேன்.

ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, அப்பா வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா தோட்டத்திலிருந்து கூப்பிட்டார். “டேய், வந்து பார்.” அந்தக் குரலுக்கு அப்பா சின்னப் பிள்ளை போலப் போனார். பிளம்ஸ் மரத்தின் காய்ந்த கொப்பில், கறுத்த இலைகளுக்கு அடியில், நகமளவு பச்சை வெளியே வந்திருந்தது. பியர்ஸிலும் வந்திருந்தது. அப்பா மரத்தைத் தொடவில்லை. தமையனின் காலடியில் புல்லில் இருந்துவிட்டார்.

“உனக்குக் காட்ட ஒண்டும் இல்லை அண்ணன். இவ்வளவு காலமும் பெருமையடிச்சன்.”

“நான் உன்னைப் பாக்கத்தான் வந்த. பழம் கடையிலயும் கிடக்குது.”

அப்பா தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்து மேலதிக வேலை இனி வேண்டாம் என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை எங்களோடு ஜெபத்துக்கு வந்தார். முதல் வரிசையில் இருக்கவில்லை, கதவருகே இருந்தார். ஆனால் வந்தார். என் ஜெபத்துக்கு வந்த பதில் இதுதான், சகோதரரே. இதற்காக நான் தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறேன்.

இலைகள் நிறைந்த பிறகு, சுவர்ப் பக்கம் தாழ்ந்திருந்த ஒரு கொப்பில் ஒரே ஒரு அப்பிள் இருப்பதை அம்மா கண்டார். பிந்திப் பூத்த பூ போலும், உறைபனிக்குத் தப்பியிருந்தது. ஓகஸ்ட் கடைசியில் பெரியப்பா புறப்படும்போது அது இன்னும் காய்தான். அப்பா பறித்துக் கொடுக்கப் போனார்.

“விடு. பச்சைக் காய் தின்னவோ இவ்வளவு தூரம் வந்த? பழுக்கட்டும். பழுத்தாப் பிறகு கோயிலுக்குக் குடு.”

விமான நிலையத்தில் இருவரும் நிறையக் கதைத்தார்கள். வந்த முதல் மாதமும் இப்படிக் கதைத்திருக்கலாம். அந்த மாதத்தை எந்த ஜெபமும் திருப்பித் தராது. இந்த வருடம் மரங்கள் எல்லாம் பூத்தன, பெரியப்பாவுக்கு மறுபடி விசா கேட்டோம், மறுத்துவிட்டார்கள்.

இப்போது நான் திகதி போட்டு ஜெபிப்பதில்லை. ஜெபித்து முடித்ததும் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கண் திறந்து பார்க்கிறேன். உங்களில் யாராவது ஒரு பதிலுக்காகக் காத்திருந்தால், நம்பிக் காத்திருங்கள். வெட்ட அவசரப்படாதீர்கள். கூட இருக்கிறவர்களை மட்டும் காக்க வைக்காதீர்கள்.

பெரியப்பா போன அடுத்த மாதம், போன வருடம் செப்டெம்பரில், எங்கள் அறுப்பின் பண்டிகை நடந்தது. அவரவர் தோட்டத்து முதற்பலனைக் கொண்டுவந்து வைப்போம், ஆராதனை முடிய ஏலம் விடுவோம். பூசணி, கீரைக்கட்டு, ஊறுகாய்ப் போத்தல்களுக்கு நடுவே அப்பா அந்த ஒற்றை அப்பிளை ஒரு தட்டில் வைத்தார். நான் பெரியப்பாவை வீடியோவில் அழைத்து, கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தேன். ஏலம் ஐம்பது குரோனில் தொடங்கியது. அப்பா நூறு என்றார்.

“நானும் கேக்கலாமோ?” என்றது என் கையிலிருந்த குரல்.

“கேளுங்க ஐயா, ஆனா காசு குரோனில” என்றார் ஏலம் கூறிய சகோதரன். சபை சிரித்தது.

“இருநூறு.”

அப்பா முந்நூறு என்றார். பெரியப்பா ஐந்நூறு என்றார். அப்பா அறுநூறு. பெரியப்பா எண்ணூறு.

“அண்ணன், காசுக்கு என்ன செய்வாய்?” என்று அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார்.

“எனக்கு அனுப்பவெண்டு வச்சிருக்கிறாயே, அதில எடுத்துக் கட்டு.”

அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். பெரியப்பா சொன்னபடி அப்பா அவருக்காக அதை வெட்டித் தின்றார்.

“இனிக்குதோ?”

“புளி அண்ணன். நல்ல புளி.”

பெரியப்பா தம்பியிடமிருந்து வாங்கிய முதல் காசு அது. எண்ணூறு குரோன்.