விளையாட்டுத் திடல் தருவதாகச் சொன்னவர்

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பசறையில் நான் துணிக்கடை வைத்திருக்கிறேன். தோட்டத்து இளைஞர்களின் பொழுதுபோக்கை ஆராய வந்ததாகச் சொன்ன ஒரு கனவான், அவர்களுக்கு விளையாட்டுத் திடல் கிடைக்கும் என்றார். நம்பி, அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு அழைத்துப் போனேன்.

"காமன் கூத்துக்குத் தப்பு அடிச்சுப் பழகுறோங்க. பக்கத்துத் தோட்டத்து ஆளுங்களும் ஓடைக்கரைக்கு வருவாங்க," என்று அவரிடம் சந்தோஷமாகச் சொன்னான், தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் வேலு.

இரண்டு தோட்டத்து ஆட்கள் ஒன்றுகூடினால் தோட்டத்தை நடத்தும் துரைக்கு ஆகாது. மறுவாரமே ஓடைக்கரையில் காவல் போட்டு, தப்பு மேளங்களைப் பறித்துக் கொளுத்திவிட்டார்கள். கனவான் தங்கியிருந்தது துரை பங்களாவிலாம். சிரித்துப் பேசியே காட்டிக்கொடுத்துவிட்டான், பாவி!

"நீங்க கூட்டிட்டு வந்த ஆளுன்னுதான் சொன்னோம், மொதலாளி," என்றான் வேலு.

வாசகர்களே, இப்போதெல்லாம் யார் அக்கறையாக விசாரிக்க வந்தாலும், "எந்தப் பங்களாவிலய்யா உமக்குச் சாப்பாடு?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.