முடுக்கில் கேட்ட மடிப்பிச்சை

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மாதம், நானும் என் மனைவியும் முத்தையாபுரத்திலிருந்து திருச்செந்தூருக்கு நடந்து போனோம். நேர்ச்சை அவளுடையது. துறைமுகத்தில் மூட்டை சுமக்கும்போது இடுப்பு பிடித்து நான் நாலு மாதம் பாயில் கிடந்தேன். "இந்த மனுசன் எந்திரிச்சு நடந்தா, உன் வாசலுக்கு நடந்தே கூட்டிட்டு வாரேன். வழியில அவரு வாயாலயே மடிப்பிச்சை கேட்டு, அந்த அரிசியில உனக்குப் பொங்கல் வைக்கோம்" என்று முருகனிடம் சொல்லிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நடப்பது எனக்குப் பெரிதில்லை. மடிப்பிச்சைதான் பெரிது. துண்டை மடியாக ஏந்தி, தெரியாதவர் வீட்டு வாசலில் நின்று, வாய்விட்டுக் கேட்க வேண்டும். கூட வந்தவர் கேட்டால் செல்லாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பேரைக் கேட்டால்கூடப் பக்கத்துப் பையன்தான் சொல்வான். ஐந்தாம் வகுப்போடு நான் நின்றுபோனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் மடி நிறையாமல் கோயிலுக்குப் போனால் இடுப்பு மறுபடியும் பிடித்துக்கொள்ளும் என்று அவள் உறுதியாக நம்பினாள். அவள் நம்பியதால் எனக்கும் பயமாக இருந்தது.

முதல் நாள் நல்ல வெயில். எல்லா வீட்டிலும் கதவு திறந்திருந்தது. நான் "அடுத்த ஊர்ல கேக்கேன், அடுத்த ஊர்ல கேக்கேன்" என்று சொல்லியே முக்காணியைத் தாண்டினேன். ஆத்தூரில் அவள் பிடித்துத் தள்ளாத குறையாக ஒரு வீட்டின் முன்னால் நிறுத்தினாள். உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன வேணும் அண்ணாச்சி?" என்றார். நான் மணி என்ன என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

"நல்ல பிச்சைதான் வாங்கிருக்கிய" என்றாள் அவள். "நாலரை மணியைப் பானையில போட்டுப் பொங்க வைப்போம்."

இரவு ஆத்தூர் சத்திரத்தில் தங்கினோம். காலையில் கிளம்பும்போதே மழை. ஆளுக்கொரு சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தோம். ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளம் எது ரோடு எது என்று தெரியாதபடி எங்கும் ஒரே தண்ணீர். அன்றைக்கு நான் கேட்கத்தான் செய்தேன். மூன்று வீட்டின் முன்னால் நின்று கேட்டேன். மூன்றிலும் கதவு சாத்தியிருந்தது. மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதன்பிறகு அவள் என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை. முன்னால் நடந்துகொண்டே, "இன்னும் ரெண்டு ஊருதான்" என்று மட்டும் சொன்னாள்.

காயல்பட்டணத்துக்குள் நுழைந்தபோது கடல்காற்று சாக்கைத் தூக்கியது. ஒதுங்க இடம் தேடி, உயரமான சுவர்களுக்கு நடுவே போன ஒரு சந்துக்குள் அவள் திரும்பினாள். பின்னால் நானும் போனேன். பத்து அடி வைத்திருப்பேன். ஒரு கதவின் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"யாரது? ஆம்பளையா? இது பொம்பளைங்க முடுக்கு! ஆம்பளை வரப்படாது!"

அந்த ஊரில் பெண்கள் தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு போய்வர அப்படிச் சந்துகள் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. திரும்பி ஓடக்கூடத் தோன்றாமல், சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வெளியூருக்காரங்கம்மா, தெரியாம வந்துட்டோம்" என்றாள் என் மனைவி.

எதிர்க் கதவிலிருந்து வயதான குரல் ஒன்று, "இந்த மழையில அவரு எங்க போவாரு? கண்ணை மூடிக்கிட்டு நிக்கச் சொல்லு" என்றது.

"மூடிக்கிட்டுத்தான் நிக்கேன்" என்றேன்.

இரண்டு பக்கமும் சிரிப்புச் சத்தம் கேட்டது. எத்தனை பேர் என்று தெரியவில்லை. நான் யாரையும் பார்க்கவில்லை. என் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பெரிய வசதி என்று அந்த நிமிடம்தான் தெரிந்தது. துண்டை ஏந்தினேன்.

"மடிப்பிச்சை போடுங்கம்மா!"

மழையை மீறி அந்த முடுக்கு முழுக்கக் கேட்டிருக்கும்.

"எதுக்கு நேர்ந்தீங்க?" என்றது வயதான குரல். சொன்னேன். மூட்டை சரிந்தது, நாலு மாதம் படுத்தது, ஒண்ணுக்குப் போகக்கூட இவள் தூக்கி உட்காரவைத்தது, விடிகாலையில் நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு இவள் அழுதது, எல்லாவற்றையும் சுவரைப் பார்த்துச் சொன்னேன். அவள் அழுதது எனக்குத் தெரியும் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரியும்.

பிறகு அந்தக் குரல், "பொங்கலுக்குன்னா பச்சரிசில்ல வேணும்? புழுங்கலைக் கொண்டு வந்துராதீங்கடி" என்று யாரையோ அதட்டியது. கதவுக்குக் கதவு செய்தி போனது. தாழ்ப்பாள்கள் திறந்தன. ஈரத்தில் செருப்பில்லாத கால்கள் வந்து வந்து போயின. என் துண்டில் அரிசி விழுந்தது. ஒரு கை நிறையப் போட்டது. ஒன்று சின்னக் கையாக இருக்க வேண்டும், பாதி வெளியே சிந்தியது. ஒருத்தி உழக்கோடு கவிழ்த்தாள். இன்னொருத்தி என் மனைவியிடம் ஓலைப்பெட்டி ஒன்றைக் கொடுத்து, "அரிசியை இதுல போட்டு மூடிக்கிடுங்க, நனைஞ்சிராம" என்றாள்.

அன்று அரிசி போட்டவர்களில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. பின்னாளில் எங்கே வைத்துப் பார்த்திருந்தாலும் அடையாளம் கண்டிருக்க மாட்டேன். அதனால் அந்தப் பக்கத்துப் பெண் யாரைக் கண்டாலும் இவராக இருக்குமோ என்று நினைத்து, மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வேன். என் இடுப்பு இன்றுவரை என்னைக் கைவிடவில்லை. அதற்கு முருகனுக்கு எவ்வளவு நன்றியோ, அவர்களுக்கும் அவ்வளவு.

என் கையைப் பிடித்து, கண் திறக்கவிடாமல், என் மனைவிதான் என்னை முடுக்கைவிட்டு வெளியே கூட்டி வந்தாள்.

"இம்புட்டுச் சத்தம் உங்ககிட்ட இருக்குன்னு இத்தனை வருசமா எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றாள். மழையில் முகம் சரியாகத் தெரியவில்லை.

வீரபாண்டியன்பட்டணத்தில் மழை சற்று விட்டது. சில வீடுகளில் கதவு திறந்திருந்தது. மடி நிறைந்த பிறகு கேட்கக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். எனக்கோ இன்னும் ரெண்டு வீட்டில் கேட்டுப் பார்க்கலாம் போல இருந்தது.