கேக்குக்குப் பட்டி பார்த்த சனிக்கிழமைகள்

எதிர் ஃப்ளாட் கவிதா போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவைத் தட்டினாள். ஈரோட்டுப் பெண், ஐடி வேலை. கையெல்லாம் வெள்ளை, மூக்கு நுனியில்கூட ஒரு பொட்டு வெள்ளை. "ஆன்ட்டி, ஃப்ராஸ்டிங் நிக்கவே மாட்டேங்குது. வழிஞ்சு வழிஞ்சு கீழ வந்துருது. நீங்க பழைய பெங்களூர் ஆளு, கேக்கெல்லாம் நல்லா செய்வீங்கன்னு வாட்ச்மேன் சொன்னாரு," என்றாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாட்ச்மேனுக்கு நான் கொடுக்கும் கேக் கடையில் வாங்கியது. அதை அவரிடம் சொல்லாமல் விட்டதற்கு இப்படி ஒரு தண்டனை வரும் என்று நினைக்கவில்லை.

போய்ப் பார்த்தேன். சமையல் மேடை முழுக்கச் சாமான். சுழலும் தட்டு, வளைந்த கத்தி, நேர்க்கத்தி, சீப்பு மாதிரி ஒன்று, போனை நிறுத்திவைக்க ஒரு தாங்கி. போனுக்குள் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கேக்கைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய கேக்கில் ஒரு கீறல் இல்லை. கவிதாவின் கேக் ஒரு பக்கமாகச் சரிந்து, பூச்சு முழுக்கப் பழுப்புத் துகளோடு நின்றுகொண்டிருந்தது. வெண்ணெயும் வெனிலா எசன்ஸும் கலந்த அந்த வாசனை என்னை வாசலிலேயே பிடித்து நிறுத்திவிட்டது.

"முதல்ல மெல்லிசா ஒரு கோட் போட்டு இறுக விட்டியா?" என்று கேட்டேன்.

"ஓ, கிரம் கோட்டா ஆன்ட்டி?"

அதற்கு அப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பிரைமர்.

சிரிக்காதீர்கள். அப்பா பெயிண்டர். கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய பங்களாக்களில் பாதிக்கு அவர் வெள்ளையடித்திருக்கிறார். சுவரில் இருக்கிற குழி, வெடிப்பு, மேடு எல்லாவற்றையும் பட்டியால் நிரப்பித் தேய்த்துச் சமமாக்கிவிட்டுத்தான் பெயிண்ட் டப்பாவைத் திறப்பார். அதற்குப் பட்டி பார்ப்பது என்று பெயர். பெயிண்டுக்கு முன்னால் அடிக்கிற அடிப்பூச்சுதான் பிரைமர். மர்பி டவுனில் எங்கள் வீடு ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான். அந்தக் கூடத்தின் சுவரைத் தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். அம்மாவுக்குக் கேக் கைவசம். வட்டமான அலுமினிய ஓவன் ஒன்று, மேலே கண்ணாடி மூடி போட்டது. ஞானஸ்நானம், பிறந்தநாள் என்று கோயில் ஆட்கள் அவ்வப்போது சொல்லிவிடுவார்கள், அம்மா செய்து கொடுப்பாள். அப்போதெல்லாம் அப்பாவுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. துண்டு விழுந்தால் தின்பார், அவ்வளவுதான்.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். எட்வின். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மர்பி டவுனிலிருந்து பீன்யாவுக்குப் பஸ் மாறி மாறிப் போய்வருவதற்குள் ஆள் பாதியாகிவிட்டான் என்று அப்பா ஒரு பைக் வாங்கிக் கொடுத்தார். அம்மா வேண்டவே வேண்டாம் என்றாள். அப்பா கேட்கவில்லை. வாங்கிய வருடமே, ஒரு சனிக்கிழமை மதியம், அல்சூர் பக்கத்தில் லாரி மோதி அண்ணன் போய்விட்டான். நான் அப்போது கோலாரில் ஆசிரியர் பயிற்சி விடுதியில் இருந்தேன். நான் வந்து சேர்ந்தபோது அவனைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

கல்லறையில் மண் போடும்போது அம்மா அத்தனை பேருக்கும் முன்னால் அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். "வண்டி வேணாம்னு அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?" எப்போதும் ஏங்க, வாங்க என்பவள், அன்றைக்கு ஒருமையில் கேட்டாள். அப்பா வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை.

சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பது வேறு. அதில் ஒரு சூடு இருக்கும், நாலு நாளில் ஆறிவிடும். இது அப்படி இல்லை. நான் படிப்பு முடிந்து வீடு திரும்பியபோதும் அப்படியே இருந்தது. அப்பா சாப்பிட உட்கார்ந்திருப்பார், அம்மா எட்டினால் தொடும் தூரத்தில் நிற்பாள், என்னைக் கூப்பிட்டு "ரசம் வேணுமான்னு கேளு" என்பாள். நான் கேட்பேன். அவர் வேண்டாம் என்று என்னிடம் சொல்வார். இருபத்திரண்டு வயதில் எனக்கு அந்த வீட்டில் உத்தியோகம் மொழிபெயர்ப்பாளர். பயம் இருந்தது எனக்கு. ஒரு நாள் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார், அல்லது அம்மா அவளுடைய தங்கச்சி வீட்டுக்குப் போய் அப்படியே தங்கிவிடுவாள் என்று. அண்ணன் போனதோடு வீடும் போய்விடுமோ என்கிற பயம் அது.

பிரேசர் டவுனில் ஒரு நர்சரி பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. சேர்ந்த புதிதில் ஒரு குழந்தையின் அம்மா, "டீச்சர், உங்க அம்மா கேக் செய்வாங்களாமே, எங்களுக்கு ஒன்னு கிடைக்குமா?" என்றாள். நான் யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். அண்ணன் போனதிலிருந்து அம்மா ஓவனைத் தொடவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. மாஸ்க் ரோட்டில் ஒரு கடையில் உப்பில்லாத வெண்ணெய் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அம்மா அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

நல்ல ஐசிங் எப்படிச் செய்வது என்று நீங்கள் கேட்டால் எனக்குத் தெரிந்தது அம்மா செய்ததுதான். வெண்ணெய் கையால் அமுக்கினால் குழிய வேண்டும், ஆனால் உருகக்கூடாது. அதை முதலில் தனியாக அடிக்க வேண்டும், மஞ்சள் போய் வெள்ளை வரும்வரைக்கும். அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் கெடுப்பார்கள். சர்க்கரையை மிக்ஸியில் மாவாக அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, மறுபடி சலித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். வெண்ணெய் ஒரு பங்கு என்றால் சர்க்கரை இரண்டு பங்கு. நாக்கில் வைத்தால் நறநறவென்று இருக்கக்கூடாது. கடைசியில் எசன்ஸ், இறுகிவிட்டால் ஒரு ஸ்பூன் பால். அன்றைய பெங்களூர் இதற்கென்றே செய்த ஊர். ஃப்ரிட்ஜ் இல்லாமலே ஐசிங் மேசைமேல் நின்றது. ஏப்ரலில் மட்டும் அம்மா தரையில் தண்ணீர் தெளித்து ஜன்னலைச் சாத்திவைப்பாள்.

அன்று பூச ஆரம்பித்தபோது அவள் கை பழையபடி வரவில்லை. கத்தி இழுத்த இடமெல்லாம் கேக் துகள் பிய்ந்து ஐசிங்கில் கலந்தது. தேய்க்கத் தேய்க்க மோசமானது. வேலை முடிந்து வந்த அப்பா கால் கழுவிக்கொண்டு கூடத்தில் நின்று பார்த்தார். சுவராக இருந்தாலும் கேக்காக இருந்தாலும் மோசமான பூச்சை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

"பிரைமர் அடிக்காம யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா?" என்றார்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

அம்மா தலை நிமிராமல் சொன்னாள், "உங்களுக்கு எல்லாமே சுவருதான்."

அப்பா போய்ப் பிரிக்காத புது பட்டி பிளேடு ஒன்றைக் கொண்டுவந்து, சோப்புப் போட்டுக் கழுவி, சுடுதண்ணீரில் முக்கித் துடைத்தார். மேலே பூசியதையெல்லாம் வழித்துவிட்டு, மெல்லிசாக ஒரு கோட் இழுத்தார், துகளெல்லாம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும்படி. "இது காயட்டும். அப்புறம் தொடு," என்றார். காத்திருந்து இரண்டாவது கோட். அம்மா தட்டைத் திருப்ப, அப்பா பிளேடை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கன்னடக் கொத்தனார்களோடும் சிவாஜிநகர் பாய்களோடும் வேலை செய்து அவர் தமிழ் ஒரு தினுசாக இருக்கும். "சொல்ப திருப்பு. ஹல்லு, ஹல்லு. போதும்." கொஞ்சம் திருப்பு, மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். கேக் பங்களாச் சுவர் மாதிரி வந்தது. கடைக்காரர்கள் பார்த்திருந்தால் எந்த பேக்கரி என்று கேட்டிருப்பார்கள்.

கேக்கைப் பெட்டிக்குள் வைத்து மூடியதும் இருவரும் பழையபடி ஆகிவிட்டார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் மறுபடி மொழிபெயர்த்தேன். ஆனால் எனக்கு வழி தெரிந்துவிட்டது. இவர்கள் பேச வேண்டுமென்றால் வீட்டில் கேக் இருக்க வேண்டும்.

அதற்கப்புறம் நான் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லித் தருவதற்கு முன்னால் பிறந்தநாள் எப்போது என்று கேட்பேன். வாசலில் நிற்கும் தாய்மார்களைப் பிடித்துக்கொள்வேன். ஆசை காட்ட வேண்டாத இடத்திலெல்லாம் ஆசை காட்டினேன். தெருவில் யாருக்காவது கல்யாணநாள் வந்தால் அவர்கள் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன். ஒரு சனிக்கிழமை ஒன்றுமே கிடைக்காமல், பக்கத்துத் தெரு ஆன்ட்டியின் பொமரேனியன் நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாட வைத்தேன். அந்த நாய் எப்போது பிறந்தது என்று அந்த ஆன்ட்டிக்கே தெரியாது. அப்பா அதற்கும் இரண்டு கோட் போட்டார். "நாய் இதத் தடவியா பாக்கப் போவுது?" என்று அம்மா கேட்டாள். "நான் பாப்பேன்ல," என்றார் அப்பா. அன்றைக்கு அம்மா உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போயிற்று. வருடக்கணக்கில் எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இப்படியே ஓடியது. வெள்ளிக்கிழமை வெண்ணெய், சனிக்கிழமை பேச்சு. எனக்குக் கல்யாணம் ஆகிப் பக்கத்தில் அல்சூரிலேயே குடியிருந்ததால் அதுவும் தடையாகவில்லை. சனிக்கிழமை மதியம் அங்கே போய் மேசை ஓரத்தில் உட்கார்ந்துகொள்வேன். என் கல்யாணக் கேக்கும் அவர்கள் செய்ததுதான். அதைச் செய்த அன்று காலையிலிருந்து மாலைவரை பேசினார்கள். பெரும்பாலும் கேக்கைப் பற்றித்தான் என்றாலும் பேச்சு பேச்சுதானே. நான் சேர்த்து வைத்துவிட்டேன் என்று மனதுக்குள் ஒரு பெருமை. கணவரிடம்கூடப் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா மாரடைப்பில் போனார். முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த மதியம், அம்மா சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், ஒரு குழந்தைக்குக் கேக் கேட்கிறார்கள், சரி என்று சொல்லட்டுமா என்றேன்.

"வேணாம்மா," என்றாள். "இனிமே வெண்ணெய் வாங்கிட்டு வராத."

பிறகு அவளே சொன்னாள். "அன்னிக்கு எட்வின் எங்க போனான்னு உனக்குத் தெரியாதுல்ல? ஞானஸ்நானக் கேக்குக்கு வெண்ணெய் பத்தல. சாப்பிட உக்காந்தவன எழுப்புனேன். வண்டி இருக்குல்ல, சட்டுனு போய்ட்டு வந்துருன்னு சொன்னேன். வண்டி வேணாம்னு சொன்னதும் நான்தான், வண்டி இருக்குல்லன்னு சொன்னதும் நான்தான்."

அப்பாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன்.

"தெரியும். வெண்ணெய் வாங்கிட்டுத்தான் போனான்னு கடைக்காரரு அப்புறமா எங்கிட்டச் சொன்னாரு. ஆஸ்பத்திரில அவன் சாமானெல்லாம் உங்கப்பா கையிலதான் குடுத்தாங்க. வாட்ச் வீட்டுக்கு வந்துச்சு, பர்ஸ் வந்துச்சு, ஒத்தச் செருப்புகூட வந்துச்சு. வெண்ணெய் மட்டும் வரல. என் கண்ணுல படக்கூடாதுன்னு வழியிலயே எங்கயோ போட்டுட்டாரு. கல்லறையில நான் அப்படிக் கேட்டேனே, நீதானே அனுப்புனன்னு ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாம். கேக்கல. கடைசி வரைக்கும் கேக்கல. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நானா போய்ப் பேசறது?"

"அப்போ ஏம்மா நான் கொண்டுவந்த ஆர்டரையெல்லாம் செஞ்ச?"

"வேற எப்ப அவர் எங்கிட்டப் பேசுவாரு?"

அவ்வளவு வருடமும் வெண்ணெயைத் தொடும்போதெல்லாம் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அன்றைக்கு அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். அவள் அழவில்லை.

அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்லறையில் இடமில்லாததால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அண்ணனின் குழியையே திறந்தார்கள். மர்பி டவுன் வீடு இருந்த இடத்தில் மாடி மாடியாகப் பி.ஜி. விடுதி எழும்பிவிட்டது. அப்பா பட்டி பார்த்த பங்களாக்களில் ஒன்றுகூட நிற்கவில்லை. ஊரின் குளிரும் போய்விட்டது. போன ஞாயிறு கவிதாவிடம், கேக்கை ஃப்ரிட்ஜில் வை, இறுகினதும் இரண்டாவது கோட் போடு என்று சொல்லிவிட்டு வந்தேன். உள்ளே இருந்த அவள் கணவன் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வந்து தட்டைப் பிடித்துக்கொண்டான். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். உன் தப்பு இல்லை என்று அந்த இருவரில் ஒருவர் சொல்லியிருந்தால் போதும், மற்றவரும் சொல்லியிருப்பார். அதற்கு எத்தனை சனிக்கிழமைகள் இருந்தன. ஆனால் ஒரு சனிக்கிழமைகூட அவர்கள் இருவரும் தனியாக இருந்ததில்லை. அவர்கள் பேசுவதைக் கேட்கிற ஆசையில் நான் எப்போதும் அந்த மேசை ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.