பயிற்சிக்கு வந்த நியூட்ரல்

எனக்கு நாய் என்றால் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கே யாராவது கூடையில் நாலு குட்டியைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நிற்பார்கள். நான் சொல்ல வந்தது என் அண்ணியைப் பற்றி. நாய் நடுவில் வந்து சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். பள்ளி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு அறை, ஒரு கார். பஸ் போகும் பெரிய சாலையில், கடை வரிசையின் கடைசியில் அந்த அறை. அதற்குள் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சாலைக் குறிகள் அச்சடித்த படம் ஒன்று, அப்புறம் நான். யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று நேரம் கொடுப்பதும், வராதவர்களைப் போனில் பிடித்து நாலு வார்த்தை கேட்பதும் என் வேலை. காரில் அண்ணி. அந்தக் காரில் ஓட்டுபவரின் காலடியில் இருப்பது போலவே பக்கத்து இருக்கையிலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. இருபத்திரண்டு வருஷமாக அண்ணியின் இடம் அந்தப் பக்கத்து இருக்கைதான். கால் பிரேக்கின் மேல் இருக்கும், வாய் ஓயாது. "மெதுவா விடுங்க, மெதுவா. கிளட்ச் எங்க ஓடிடப் போகுது?"

யாரிடமும் எதையும் கேட்க மாட்டார் அண்ணி. வழி தெரியாவிட்டால் கேட்க மாட்டார், ஊரை ஒரு சுற்றுச் சுற்றித் தானே கண்டுபிடிப்பார். டயர் பஞ்சரானால் பக்கத்தில் நாலு பேர் சும்மா நின்றாலும் கூப்பிட மாட்டார், ஜாக்கியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார். "கேக்கற நேரத்துல செஞ்சு முடிச்சிடலாம்" என்பார். நான் அதைத் திமிர் என்பேன். என் அண்ணன் தன்னம்பிக்கை என்பான். கட்டிக்கொண்டவன் வேறு என்ன சொல்வான், பாவம்.

அன்றைக்குக் காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பல் டாக்டர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது நடுங்காத அந்த அம்மாவின் கை, ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் நடுங்கும். பிராணிகள் காப்பகம் ஒன்றின் கேட்டுக்கு நேராக வரும்போது கிளட்சை ஒரேயடியாக விட்டுவிட்டார். கார் ஒரு குதி குதித்து அணைந்தது. பதற்றத்தில் திரும்ப ஸ்டார்ட் செய்து அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்த மிதியில் தெருவே அலறியது. கம்பி வலைக்குப் பின்னால் இருந்த குட்டிகளெல்லாம் ஓடிவந்து குரைத்தன. ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் ஓடி, முகத்தைச் சுவர் மூலையில் செருகிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது.

"டாக்டர், எதையும் தொடாதீங்க. ஒரு நிமிஷம்" என்று சொல்லி, சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு அண்ணி இறங்கினார்.

காப்பகத்தில் இருந்த பெண் விவரம் சொன்னாள். மூன்று மாதக் குட்டி. ஓடுகிற வண்டியிலிருந்து யாரோ தூக்கி எறிந்துவிட்டார்கள். ஒடிந்த கால் கூடிவிட்டது. ஆனால் என்ஜின் சத்தம் கேட்டால் இப்படித்தான். மூன்று வீட்டார் ஆசையாகக் கொண்டுபோய், மூன்று பேரும் ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள்.

"இது ஒரு விஷயமா? இவனை மாதிரி எத்தனை பேரை நான் வண்டியில ஏத்தியிருக்கேன்!" என்றார் அண்ணி. உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதம் கழித்து வந்து பார்ப்போம் என்றாள் அந்தப் பெண். "தாராளமா வாங்க" என்றார் அண்ணி. டாக்டரை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, காரை அங்கேயே பூட்டி நிறுத்திவிட்டு, குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். ஒவ்வொரு பஸ் கடக்கும்போதும் அது அவர் மேல் மூத்திரம் போயிருக்கிறது. அந்தக் கோலத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

வீட்டில் பெரிய வாக்குவாதம். அண்ணன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்பவன், காலையில் போனால் சாயங்காலம்தான் வருவான். அண்ணி பகல் முழுக்கக் காரில். தனியாக விட்டால் குட்டி ஊளையிட்டு மாடி வீட்டையே இரண்டாக்குகிறது. பள்ளி அறைக்குக் கொண்டுவந்தால் வாசலில் பஸ். இரண்டு நாள் என் மேசைக்கடியில் வைத்துப் பார்த்தோம். நான் மேசையில் உட்கார்ந்த நேரத்தைவிடத் துடைப்பத்தோடு நின்ற நேரம் அதிகம்.

"அண்ணி, இது சரிப்பட்டு வராது" என்றேன்.

"வண்டியில ஏறிட்டா என்னோடயே இருப்பான். ஏற வெச்சுக் காட்டறேன். ஒரு மாசத்துல ஏறலைன்னா நானே கொண்டுபோய்க் கொடுத்துடறேன், போதுமா?"

"சொன்ன வார்த்தை மாறக் கூடாது" என்றேன் நான். அண்ணன் குட்டிக்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

முன்னாலும் போகாது, பின்னாலும் வராது, வண்டியைக் கண்டால் நட்ட இடத்தில் நிற்கும். அதனால் நியூட்ரல் என்று பெயர் வைத்தார் அண்ணி. எங்கள் பள்ளியில் ரொம்பப் பயந்தவர்களுக்கு என்று ஒரு வழி உண்டு. முதல் நாள் சாவி கிடையாது, சும்மா உட்கார்ந்து பேசிவிட்டுப் போகலாம். நியூட்ரலுக்கும் அதேதான். வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் காரை நிறுத்தி, நான்கு கதவையும் திறந்து போட்டு, அண்ணி தன் இருக்கையில் உட்கார்ந்து அவித்த முட்டை தின்பார். பின் இருக்கையில் மூட்டை மாதிரி நான். குட்டி இருபதடி தள்ளி நிற்கும்.

நான் எட்டிப் பார்த்தால் அதட்டுவார். "அவனைப் பாக்காதே. பாத்தா பரீட்சைன்னு நினைச்சுக்குவான்."

நாலாம் நாள் டயர் வரை வந்து மோந்து பார்த்தது. ஆறாம் நாள் முன்கால் இரண்டையும் கதவோரம் வைத்தது. எட்டாம் நாள் ஏறி, முட்டையைக் கவ்விக்கொண்டு இறங்கி ஓடியது. பன்னிரண்டாம் நாள் உள்ளேயே உட்கார்ந்து நிதானமாகத் தின்றது. எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த நாள் அண்ணி சாவியைத் திருப்பினார். என்ஜின் ஒரு உறுமல் உறுமியதுதான் தாமதம், அது என் தோள் மேல் ஏறிக் குதித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. மூன்று மணி நேரம் வெளியே வரவில்லை.

அண்ணி மண் தரையில் குப்புறப் படுத்து, தொட்டிக்கு அடியில் பேசிக்கொண்டிருந்தார். "என் தப்புடா. அவசரப்பட்டுட்டேன். நானும் முதல் நாள் சுவத்துல கொண்டுபோய் இடிச்சவதான், தெரியுமா?"

"விட்டுத் தொலைங்க அண்ணி. இருக்கறது பதினேழு நாள்."

"ஒரு தடவை என்ஜின் ஆஃப் ஆனா வண்டியை வித்துடுவியா நீ?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மறுநாளிலிருந்து எனக்கும் வேலை வந்தது. அண்ணன் சாயங்காலம் காரை மனையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் ஒரு நிமிஷம் ஓடவிடுவான். இந்தக் கோடியில் அண்ணி குட்டிக்கு முட்டை கொடுப்பார். கை காட்டி இருவருக்கும் நேரம் சொல்வது நான். சத்தம் வந்தால் முட்டை, சத்தம் நின்றால் முட்டையும் இல்லை. தினமும் கார் பத்து அடி கிட்டே வரும். இப்படி ஒரு பைத்தியக்காரக் குடும்பம் உண்டா என்று அக்கம்பக்கத்தார் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டுமே! இருபத்திரண்டாம் நாள், என்ஜின் ஓடிக்கொண்டிருந்த காரில் அண்ணியும் நானும் உட்கார்ந்திருக்க, நியூட்ரல் தானாக ஏறி அண்ணி மடியில் உட்கார்ந்தது. அண்ணன் காரை நகர்த்தினான். தெருமுனை திரும்பியதும் அது பின்பக்கம் தாவி வந்து என் மடியில் வாந்தி எடுத்தது.

"வாந்திதானே எடுத்தான், குதிக்கலையே!" என்று அண்ணி கைதட்டிச் சிரித்தார். என் புதுத் துணியைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

அதற்கப்புறம் தடங்கலே இல்லை. பல் டாக்டருக்குப் பின்னால் நியூட்ரல் உட்கார்ந்துகொண்டு போனது. அண்ணி "பிரேக்!" என்று கத்தினால் டாக்டர் மிதிக்கும் முன்பே அது பொத்தென்று படுத்துவிடும். "என்னைவிட இவன் முன்னாடியே லைசென்ஸ் வாங்கிடுவான்" என்று டாக்டருக்கு ஒரே குறை. அவரும் நடுங்குவதை நிறுத்திவிட்டார். நாய் பார்க்கும்போது நடுங்கினால் கௌரவம் என்னாவது?

முப்பதாம் நாள் காலையில் காப்பகத்து வேன் வந்தது. அண்ணி வெற்றி பெற்றவர் நடையில் வெளியே வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே நியூட்ரல் ஓடிப்போய், என்ஜின் ஓடிக்கொண்டிருந்த அந்த வேனில் தாவி ஏறி, முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அட, அதிசயமே! இவ்வளவு நல்லா வரும்னு நாங்க நினைக்கவே இல்ல" என்றாள் காப்பகத்துப் பெண். "ரொம்ப நன்றிங்க. அந்த வீட்டுக்காரங்க காலையிலிருந்து காத்துக்கிட்டிருக்காங்க. நேரா அங்கதான் கொண்டுபோறேன்."

"எந்த வீடு? யாரைக் கொண்டுபோறீங்க?"

அவள் குழம்பிப்போய்க் கோப்பைத் திறந்து காட்டினாள். படிவத்தில் இரண்டு கட்டம். ஒன்று தத்தெடுக்க. மற்றது, 'தற்காலிகம் - பயிற்சிக்காக'. அண்ணி இரண்டாவதில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாக லைசென்ஸ் ஆபீஸ் படிவங்களில் 'பயிற்சி' என்ற சொல்லைக் கண்ட இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு குறி போடுகிற கை அது. மீதியை யார் படித்தார்கள்?

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாய் இத்தனை நேரம் மூடியிருந்து நான் பார்த்ததே இல்லை. வேனுக்குள் நியூட்ரல் வாலாட்டிக்கொண்டிருந்தது. ஏறக் கற்றுக்கொடுத்தாயிற்று, இனி கிளம்ப வேண்டியதுதான். எங்கள் பள்ளிக்கு வந்த எல்லாரும் அப்படித்தான் போனார்கள்.

"தோட்டம் வெச்ச வீடு. ரெண்டு குழந்தைங்க இருக்காங்க. நல்லா பாத்துக்குவாங்க, கவலைப்படாதீங்க" என்றாள் அந்தப் பெண்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணி, வாயில என்ன கொழுக்கட்டையா? பேசுங்க!"

அண்ணி படிவத்திலிருந்து கண்ணை எடுத்தார். "படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்மா. தப்பு என்மேலதான்." வேனுக்குள் இருந்த நியூட்ரலைப் பார்த்தார். பிறகு, "அவனை எனக்குக் கொடுத்துடறீங்களா?" என்றார்.

"நான் அவங்களுக்கு வாக்குக் கொடுத்துட்டேனே…"

"அவங்ககிட்டயும் கேக்கறேன். போன் போட்டுக் கொடுங்க."

அந்தப் பெண் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள். எதிர்முனையில் ஒரு அம்மா. அண்ணி தான் யார் என்று சொன்னார், செய்த தப்பைச் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. "உங்க வீட்டுல அவன் சந்தோஷமா இருப்பான், எனக்குத் தெரியும். எங்களுது மாடில ரெண்டு ரூம். பகல் பூரா கார்லதான் கிடப்பான். அவனுக்கு என்னை விட்டா உங்களை மாதிரி நல்லவங்க கிடைப்பாங்க. எனக்குத்தான் அவனை விட்டா முடியாது."

எதிர்முனையில் குழந்தைகள் ஏதோ கேட்பதும், அந்த அம்மா "சும்மா இருங்க" என்பதும் கேட்டன. நான் போனையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

"பேர் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நியூட்ரல்."

"கூப்பிட்டா வருதா?"

அண்ணி வேனைப் பார்த்துக் கூப்பிட்டார். நியூட்ரல் ஒரே பாய்ச்சலாக இறங்கி ஓடிவந்து, போனைப் பிடித்திருந்த கையில் முட்டியது. மோந்து நக்கிய சத்தம் அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

"சரி, நீங்களே வெச்சுக்குங்க" என்றார் அந்த அம்மா. "குழந்தைங்க அழுவாங்க. நான் பாத்துக்கறேன். அந்தக் காப்பகத்துல இன்னும் குட்டி இருக்குல்ல?"

போன் வைக்கப்பட்டதும் அண்ணி அப்படியே வாசல் படியில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். காப்பகத்துப் பெண் பயந்துபோனாள்.

"ஏங்க அழறீங்க? அதான் கொடுத்துட்டாங்களே!"

"கேட்டா கொடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார் அண்ணி.