வள்ளிக்கண்ணு காலியாக விட்ட தெரு

ஐம்பத்தேழாம் வருஷம் ஸ்ரீரங்கத்தில் எட்டாம் வகுப்பில் என்னோடு படித்தவள் வள்ளிக்கண்ணு. எல்லாப் பரீட்சையிலும் அவள்தான் முதல். எனக்கு வயிற்றெரிச்சல். அதனால் சரித்திர வகுப்பில் அவள் தப்பு செய்தாள் என்றதும் எனக்கு ஒரே கொண்டாட்டம்.

வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரும் வழியைப் படமாக வரைந்து வரச் சொல்லியிருந்தார் அற்புதம்மாள் டீச்சர். வள்ளிக்கண்ணுவின் கோடு நேரே வராமல் மூன்று தெருவைச் சுற்றி, வாய்க்கால் கரையில் ஏறி வந்தது. நடுவில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது.

"ஊரையே பிரதட்சிணம் பண்றியாடி?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது.

"எங்கம்மா அப்படித்தான் கூட்டிட்டு வந்து பழக்குனாங்க. நடுவுல என்ன இருக்குன்னு நான் பாத்ததில்ல."

டீச்சர் சிரிக்கவில்லை. ஒரு காலத்தில் சில சாதிக்காரர்கள் சில தெருக்களில் கால் வைக்கக் கூடாது என்று தடுத்து வைத்திருந்ததைச் சொன்னார். சட்டம் மாறிய பிறகும் பயம் போகாததைச் சொன்னார். அந்தக் காலி இடம் எங்கள் தெரு. வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது.

"படம் இன்னும் முடியலையே, வள்ளிக்கண்ணு. அளந்து முடிச்சிட்டு வா," என்றார் டீச்சர்.

அன்று சாயங்காலமே அவள் காலடிகளை எண்ணிக்கொண்டு எங்கள் தெருவில் நடந்தாள். இருநூற்றுப் பத்து. ஒரு பசுமாடு மட்டும் திரும்பிப் பார்த்தது.

ஆனால் அவள் மனம் படத்தில் இல்லை. அம்மா வீராயி கீரைக்கூடையைச் சுமந்துகொண்டு, வீங்கிய முழங்காலோடு தினமும் அத்தனை தூரம் சுற்றிக் கடைத்தெருவுக்குப் போவதை அவளால் தாங்க முடியவில்லை. நான்கு நாள் கெஞ்சினாள்.

"யாராச்சும் ஏதாச்சும் சொல்லிட்டா?" என்று மறுத்தார் வீராயி. ஐந்தாம் நாள் காலையில் மகள் கையைப் பிடித்து இழுக்க, வந்துவிட்டார்.

பாதித் தெருவரை கூவாமலே நடந்தார் வீராயி.

"கூவும்மா!" என்றாள் மகள்.

கூவினார் பாருங்கள், "முளைக்கீரை... அரைக்கீரை..." என்று! தெருக்கோடி வரை கேட்டது. என் அம்மா ஈரக்கையோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"ஏம்மா, இத்தனை நாளா எங்க இருந்த?"

"பக்கத்துலதாங்க," என்றார் வீராயி.

அரைமணியில் கூடை காலி. தெருமுனைவரை போனவர், திரும்பி மறுபடியும் எங்கள் தெருவிலேயே நடக்க ஆரம்பித்தார்.

"கீரைதான் தீந்துபோச்சேம்மா, இன்னும் எதுக்கு?"

"சும்மாதான்டி. நடந்து பாக்குறேன்."