குவாரிக் கரையில் விட்ட பை

தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவனுக்குப் பூட்டு தேவைப்பட்டதே இல்லை. சட்டை, கைக்கடிகாரம், செல்போன் எல்லாவற்றையும் படியில் சுருட்டி வைத்துவிட்டு, பக்கத்தில் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும் முன்பின் தெரியாதவரிடம், "பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, ஒரு முங்கு போட்டுட்டு வந்துருதேன்" என்றால் போதும். கண்ணில் சோப்பு நுரை இருந்தாலும் அவர் பார்த்துக்கொள்வார். நாற்பது வயதைத் தாண்டிய பின்னும் எனக்குத் தெரிந்த ஒரே காவல் முறை இதுதான்.

என் மச்சினன் வேறு ரகம். வளைகுடாவில் கப்பல்களின் அடிப்பாகத்தை நீருக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிறவன். லீவில் வந்தால் தூத்துக்குடியில் காற்று நிரப்பிய சிலிண்டர்களோடு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு, பேட்டையைத் தாண்டி ஒரு பழைய கல்குவாரிக்குப் போவான். எனக்கு முங்கக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். தண்ணீருக்குள் என்னைப் பார்த்தால் யாரோ பீரோவைத் தள்ளிவிட்டதுபோல இருக்கிறதாம்.

அன்று, லீவு முடிந்து வளைகுடாவுக்குத் திரும்பும் முன் அவனுடைய ரெகுலேட்டரைச் சோதிக்க வேண்டியிருந்தது. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி அது. அவனுடைய சொந்தக் கருவி. வேலைக்கு அதைத்தான் கொண்டுபோவான். அது இல்லாமல் போய் இறங்கினால், கப்பலை வேறு ஒருவன் சுத்தம் செய்வான். இவன் அறையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சோறு பொங்கலாம். கரையோரம் அதைப் போட்டு முங்கிப் பார்த்தான், நன்றாக இருந்தது. நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துப் பையில் வைத்தான். அடுத்த முங்கு அடியில் சேறு கலங்கும் பக்கம் என்பதால் பழைய ரெகுலேட்டரை மாட்டிக்கொண்டான்.

"மச்சான், பையக் கார்ல வச்சிப் பூட்டிருவோம். சாவிய இதுல போட்டுக்கிடுதேன்" என்று திருகுமூடி வைத்த ஒரு குப்பியைக் காட்டினான். கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே முங்குவானாம்.

"என்னல தாயத்து கணக்கா?" என்றேன். "இது நம்ம ஊருல. இங்கன பூட்டு எதுக்கு, ஆளு இருக்காருல்லா."

ஆள் இருந்தார். கரையில் லோடு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் சிலிண்டர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னவே, தண்ணிக்குள்ள சமையலா?"

"ஆமா அண்ணாச்சி, பிரியாணி. இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. ஒரு முங்கு போட்டுட்டு வந்துருதோம்."

சாவி, செல்போன், துணி, செருப்பு எல்லாவற்றையும் அந்தப் பைக்குள்ளேயே திணித்தேன். மச்சினன் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை குறைவாக இருந்தது. ஆனாலும் அக்கா புருஷன் சொல்லைத் தட்டவில்லை.

கீழே போனோம். மூழ்கிக் கிடந்த பழைய இரும்பு ஏணியைச் சுற்றினோம். நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறையைச் சுற்றி மறுபக்கம் போனோம். நான் கெளுத்தி மீன் ஒன்றைத் துரத்தினேன். பிறகு அது என்னைத் துரத்தியது. நிம்மதியான முங்கு.

மேலே வந்தால் ஆட்டோ இல்லை. பையும் இல்லை.

மச்சினன் திட்டியிருந்தால் தேவலை. ரப்பர் உடையோடு கல்லில் உட்கார்ந்து, கழுத்தில் கிடந்த காலிக் குப்பியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தான். "ஏஜெண்டுக்கு என்ன சொல்லுவேன் மச்சான்?" என்று ஒரே ஒரு தரம் கேட்டான்.

பூட்டிக் கிடந்த காரைப் பார்த்துப் பயனில்லை. ரோட்டைப் பார்த்து நடந்தோம். நெல்லை வெயில், வெறுங்கால், உடம்பைக் கவ்விய கறுப்பு ரப்பர். எதிரே வந்த ஆடுகள் வழிவிட்டு நின்றன.

ரோட்டு முனையில் அதே லோடு ஆட்டோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு எதிரே வந்தது. அண்ணாச்சிக்குப் பக்கத்தில், பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி என் மனைவி.

அண்ணாச்சி எங்களைப் பார்த்ததும் பிரேக் போட்டார். பேச ஆரம்பித்தவர் நிற்கவில்லை.

"ஒரு முங்குன்னு சொன்னீரே வே. ஒரு முங்கு இம்புட்டு நேரமா? மொதல்ல தண்ணி மேல கொப்புளம் கொப்புளமா வந்துச்சு. அதும் நின்னு போச்சு. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்ட வத்திப் போச்சு. அப்பதான் பைக்குள்ள போன் அடிக்கி, எடுத்தா இந்தத் தாயி. அந்த நேரம் நான் என்ன சொல்லட்டும்?"

"மனசத் திடப்படுத்திக்க தாயின்னு சொன்னாரு" என்றாள் என் மனைவி. "நான் மல்லித்தழை வாங்கிட்டு வரச் சொல்லத்தான் அடிச்சேன்."

பாறைக்கு மறுபக்கம் நாங்கள் போனதும் குமிழிகள் அவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டன.

"சரி அண்ணாச்சி, பைய எதுக்கு எடுத்துட்டுப் போனிய?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், மூளையைக் குவாரியிலேயே விட்டுவிட்டேனோ என்ற சந்தேகம் இருந்தது. "பாத்துக்கிடச் சொல்லிட்டுப் போனீரு. ஆளக் கூட்டியார நான் போவும்போது அங்கன போட்டுட்டா போவ முடியும்? எவனாவது தூக்கிட்டுப் போயிட்டாம்னா யாரு பதில் சொல்லுதது?"

மச்சினன் அதற்குள் பையைக் குடைந்துகொண்டிருந்தான். ரெகுலேட்டரைக் காணோம். அவன் முகம் மறுபடி வெளுப்பதற்குள் அண்ணாச்சி சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஈரிழைத் துண்டு மூட்டையை எடுத்து நீட்டினார். "கண்ணாடி வச்ச சாமானா இருந்துச்சு. ரோடு தூக்கித் தூக்கிப் போடும்லா. அதான் தனியாச் சுத்தி வச்சேன்."

மச்சினன் அதை வாயில் வைத்து ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். பிறகு அண்ணாச்சியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை.

"நீ பயந்துட்டியா?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"எதுக்குப் பயப்படணும்? நீங்க எப்பவும் லேட்டுதானே. இவருதான் நம்ப மாட்டேன்னுட்டாரு, அவருக்காவ ஏறி வந்தேன்" என்றாள். ஆட்டோவிலிருந்து இறங்கியபோது பார்த்தேன். ஒரு காலில் அவள் செருப்பு, ஒரு காலில் வீட்டில் கிடந்த என் பழைய செருப்பு. வீடு போய்ச் சேரும்வரை நான் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கும் கொஞ்சம் புத்தி உண்டு.

மச்சினன் விமானம் ஏறிவிட்டான். ரெகுலேட்டரும் பத்திரமாகப் போனது, அண்ணாச்சி சுற்றித் தந்த சுற்று கலையாமல், துண்டோடு. அடுத்த லீவுக்கு அவன் வரும்வரை துண்டும் வராது. வண்ணார்பேட்டையில் எங்கே என்னைக் கண்டாலும் அண்ணாச்சி ஆட்டோவை ஓரம் கட்டுகிறார்.

"உம்ம பைய நான் பாத்துக்கிட்டேன். என் துண்ட நீரு பாத்துக்கிட்ட லட்சணத்தப் பாரும் வே."